சொக்கம்மாளுக்கு முகம் இல்லாதது தொடர்பாக

அனுப்புநர்:
கு. பரசுராமன்,
துணைச் செயலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம்
(இக்கடிதம் சங்கத்தின் சார்பில் அல்ல),
திருவொற்றியூர்.

பெறுநர்:
பகலவன், ஓவியர்,
பெங்களூரு.

பொருள்: தாங்கள் வரைந்து வெளியிட்ட புத்தகத்தில், தங்கள் அக்காவும் என் மனைவியுமான சொக்கம்மாளுக்கு முகம் இல்லாதது மற்றும் அதனால் வீட்டில் ஏற்பட்டுள்ள நிலவரம்.

பார்வை: 1. மேற்படி புத்தகம். 2. தங்களின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்புகள் (எடுக்கப்படாதவை).

அன்புள்ள மச்சான் பகலவனுக்கு,

வணக்கம். இங்கு நான், உன் அக்கா, உன் மருமகள் செங்கொடி மூவரும் உடலளவில் சுகம். உடலளவில் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, கீழே வருகிறது. அங்கு நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பெங்களூர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா என்று உன் அக்கா வழக்கமாகக் கேட்கச் சொல்வாள். இந்த முறை சொல்லவில்லை. ஆனாலும் வழக்கத்தை விட்டுவிட வேண்டாமென்று நானே கேட்டுவைக்கிறேன்.

முதலில் போன வியாழக்கிழமை விவகாரம். அன்று மத்தியானம் செங்கொடி உனக்குப் போன் போட்டு, "மாமா, அம்மா உயிரோடத்தான் கீறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாய், யாரும் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் மாலையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் நான் "அனைவரும் நலம், விவரம் கடிதத்தில்" என்று மெசேஜ் போட்டேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். நம் வீடு எவ்வளவு என்று உனக்குத் தெரியும், ஹாலில் தும்மினால் அடுப்படியில் ஆயுசு நூறு என்பார்கள், இதில் ரகசியம் பேச முடியுமா? தவிர, முக்கியமான விஷயத்தை எழுதி, ஒப்புதல் அட்டை வைத்துத் தபாலில் அனுப்புவதே என் பழக்கம். நிர்வாகமே அதற்குத்தான் பயப்படுகிறது, நீ எம்மாத்திரம்.

செங்கொடி பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படிப்பது நீ அறிந்ததே. ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே படம் படமாக வரைந்து சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் 'அடையாளம்' எப்படி வருகிறது என்று கட்டுரை எழுத வேண்டும் என்றார்களாம். பேராசிரியை ஞானபாக்கியம் அம்மையார் ஆளுக்கொரு புத்தகமாகப் பிரித்துக் கொடுத்ததில் இவள் கையில் வந்து விழுந்தது உன் புத்தகம். இது எங்கள் மாமா வரைந்தது, இதில் என் அப்பா அம்மாவே இருக்கிறார்கள் என்று அங்கேயே எழுந்து சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். இவள் வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னா கட்டுரையப் பாக்க மாட்டாங்க நைனா, என்னத்தான் பாப்பாங்க" என்றாள். அடையாளத்தைப் பற்றிய கட்டுரையைத் தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு எழுதுவது என்ன நியாயம் என்றேன். "அதான் நைனா கட்டுரையே" என்றாள். படிக்கிற பிள்ளைகளிடம் இதுதான் தொல்லை. நாம் கண்டுபிடித்த குறையை அவர்கள் கொள்கையாக்கிவிடுகிறார்கள்.

அடையாளம் எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கம்பெனி பெயர் போட்ட அடையாள அட்டை கொடு என்பதுதான் சங்கம் தொடங்கிய நாள் முதல் எங்களுடைய முதல் கோரிக்கை. அட்டை இல்லாதவனுக்கு உள்ளே கை போனாலும், அவன் இங்கே வேலையே செய்யவில்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். ஆகவே உற்சாகமாக உதவிக்குப் போய் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டை இருந்தும் அடையாளம் இல்லாம இருக்கலாம் நைனா, அட்டையே இல்லாம அடையாளத்தோட இருக்கலாம்" என்றாள். வாயிற்கூட்டத்தில் பேச அருமையான வரி. ஆனால் பேசினால் கோரிக்கை அடிபட்டுவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

உன் புத்தகம் போன வருஷமே வீட்டுக்கு வந்ததல்லவா, அப்போது உன் அக்கா அட்டையைப் பார்த்தாள், முதல் பக்கத்தில் எர்ணாவூர்ப் பழைய வீட்டைப் பார்த்தாள், "ஷோக்கா கீது" என்றாள், கை அழுக்குப் படக்கூடாதென்று வந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். வருகிறவர்களுக்கு உறையோடுதான் தரிசனம். நான் மட்டும் அவள் இல்லாத நேரங்களில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மறைப்பானேன், என்னைத்தான் பார்த்தேன். மீசை, நெற்றி மச்சம், கையை உயர்த்திக் கோஷம் போடும்போது சட்டையில் ஒரு பொத்தான் பிய்ந்திருப்பது வரை அச்சு அசல். முன்பல் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருக்கலாம், அது தனிக் கோரிக்கை. இப்படி என்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் உன் அக்காவுக்குப் புத்தகம் முழுக்க முகமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. செங்கொடிதான் கவனித்தாள். அப்பா அம்மா போன பிறகு உன்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கடிதம் என்றால் பின்னணி எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் அவள்தான் வருகிறாள். காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறாள், குடத்தோடு தெருவில் நடக்கிறாள், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறாள், அடுப்பைப் பார்த்து நிற்கிறாள். எல்லாவற்றிலும் முதுகு. கொண்டை, முதுகு, குதிகால், அவ்வளவுதான்.

செங்கொடி இதைப் பிடித்துக்கொண்டு கட்டுரையை எழுதிவிட்டாள். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அதில் ஒரு வரி: "கலைஞனின் முகம் துலங்குவதற்காக உழைக்கும் பெண்ணின் முகம் அழிக்கப்படுகிறது." மச்சானைப் பற்றித்தான் சொல்கிறாள் என்பதையே மறந்து கைதட்டிவிட்டேன். வரி அப்படி. அதோடு நின்றிருக்கலாம். நல்ல வரி கிடைத்தால் நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதது என் சுபாவம், அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது உன் அக்கா மட்டும்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முன்னால் போய் நின்று மைக் பிடித்த குரலில் சொல்லிவிட்டேன்.

"யாரு அயிச்சது?" என்றாள்.

"உன் தம்பிதான்."

"எத்த?"

"உன் மூஞ்ச."

கையைக் கழுவினாள், துடைத்தாள், பீரோவைத் திறந்து உறையைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில பக்கங்களில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு மறுபடி உறையில் போட்டுப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, "சோறு ஆறிப்பூடும், துன்னுங்க" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்பே தலை வாரி, பொட்டு வைத்து, போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துக் காத்திருப்பவள், அன்று போன் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "கூப்புட்றான், எடேன்" என்றேன். "கை ஈரமா கீது" என்றாள். கை ஈரமாக இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. எனக்குப் பயம் வந்துவிட்டது, மச்சான். நீங்கள் இருவரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருவன்தான் மிச்சம், ஒரு கைதட்டலில் அதையும் நான் கெடுத்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை.

ஆகவே பேச்சுவார்த்தைக்குக் கிளம்பினேன். ராயபுரத்தில் கல்லூரிக்குப் போய், செங்கொடிக்குத் தெரியாமல் ஞானபாக்கியம் அம்மையாரைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நல்ல மாதிரி. நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "ஒரு நிமிஷம், நீங்க அந்தப் புத்தகத்துல வார மீசைக்காரர்லா?" என்றார். செங்கொடி பொத்திப் பொத்தி வைத்திருந்தது என் மீசையால் அம்பலமாகிவிட்டது. இருந்தாலும், உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவ எழுதினது தப்பில்ல சார், அப்படியும் வாசிக்கலாம். ஆனா வரையாம விட்டதெல்லாம் அழிச்சதுன்னு ஆயிராது பாத்துக்கிடுங்க. ஏன் விட்டாருங்கதுக்குப் புத்தகத்துக்குள்ளயே எங்கயாவது ஒரு தடம் கெடக்கும். அவளத் தேடச் சொல்லுங்க." எவ்வளவு நல்ல யோசனை. நான் அதை அப்படியே செங்கொடியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்கு இன்னும் நல்ல யோசனை தோன்றிவிட்டது. முகம் இல்லாததுதானே பிரச்சினை, முகத்தைச் சேர்த்துவிட்டால் போயிற்று. மாதிரிப் படம் ஒன்று தயாரித்து உனக்கு அனுப்பி, அடுத்த பதிப்பில் இவ்வாறு திருத்துக என்று கோரலாம் என்று முடிவு செய்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, ஏனென்றால் நான் ஒருவன்தான் இருந்தேன்.

குடத்தோடு அவள் தெருவில் நடந்து போகும் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். செங்கொடியின் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த, உன் அக்கா சிரிக்கிற போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் கொண்டுபோய் பேனர் அச்சடிக்கும் ஆசீர்வாதத்திடம் கொடுத்தேன். "பெருசா வோணாம்பா, ஆனா மூஞ்சி நல்லா தெரியணும். அவ தம்பி பெங்களூர்ல கீறான், அவன் பாக்கணும்" என்றேன். மனசு சரியில்லாததால் குரல் கொஞ்சம் கம்மியது உண்மை. ஆசீர்வாதம் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போ அண்ணாத்த, அல்லாத்தியும் நான் பாத்துக்கறேன்" என்று விலாசம் மட்டும் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார் போலிருக்கிறது, என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆசீர்வாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நீ ஊரை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டதால் நினைவூட்டுகிறேன். ஒற்றைப் போட்டோவை எடுத்துக்கொண்டு ஒரு ஆள் வாடிய முகத்தோடு பேனர் கடைக்கு வந்தால், அவனிடம் எதுவும் கேட்கக்கூடாது. எப்போது, எப்படி, என்ன எழுத வேண்டும் என்று துக்க வீட்டுக்காரனைக் கேள்வி கேட்பது இந்தப் பக்கம் மரியாதைக் குறைவு. படத்தையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு, வாசகத்தைத் தாங்களே போட்டு, அச்சானதும் தெருவாசலில் தாங்களே கட்டிவிட்டுப் போவதுதான் நடைமுறை. ஆசீர்வாதம் நடைமுறையை மீறாதவர்.

மறுநாள்தான் அந்த வியாழக்கிழமை. சங்க வேலையாகக் காலையிலேயே கிளம்பிவிட்டேன், ஆலை வாசலில் மத்தியான ஷிப்டுக்கு முன் வாயிற்கூட்டம். தலைவர் பீம்ராவ் கொஞ்சம் தாமதமாக வந்தார், யாரிடமும் பேசவில்லை, நேராக முன்னால் போய், "தோழர்களே, ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி" என்றார். எல்லோரும் தலை குனிந்தோம். நானும் குனிந்தேன். முதலில் நிற்பது, யாருக்கு என்று பிறகு கேட்பது, சங்கத்தில் இதுதான் மரபு. எந்தத் தோழர் வீட்டில் என்ன துக்கமோ என்று மனமார வருந்திக்கொண்டுதான் நின்றேன். முடிந்ததும் பீம்ராவ் வந்து என் தோளில் கையைப் போட்டு, "இன்னா மாமு நீ, இந்த நேரத்துல வேலைக்கு வந்துகினு? வர வழியிலதான் பேனரப் பாத்தேன். நேத்துகூட வூட்டாண்ட சொக்கம்மாவப் பாத்தேனே" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு ஆசீர்வாதமும் ஞாபகம் வரவில்லை, மாதிரிப் படமும் ஞாபகம் வரவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அடுப்பைப் பார்த்து நின்றபடி, "டப்பா எடுத்துக்கினியா?" என்று கேட்டாளே, அதற்குப் பதில் சொன்னேனா இல்லையா என்பதுதான் ஞாபகம் வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. பீம்ராவ் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல அசையாமல் நின்றன, வண்டி புகுந்து புகுந்து போயிற்று. மச்சான், அந்த வழியெல்லாம் நான் அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. கொண்டை வந்தது. குழாயடியில் குனிந்து நிமிரும் முதுகு வந்தது. துணி காயப்போடக் கையைத் தூக்கும்போது ரவிக்கையில் வியர்வை பூத்திருப்பது வந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த எனக்கே முதுகுதான் மனதில் இருக்கிறதென்றால், உன்னிடம் விளக்கம் கேட்க நான் யார்? அவள் எப்போதும் ஏதோ வேலையைப் பார்த்துத் திரும்பியிருந்தாள், நாம் எப்போதும் அவள் பின்னால் எதற்கோ காத்திருந்தோம். வண்டியில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதேன். லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

குடியிருப்பு வாசலில் பேனர். கண்ணீர் அஞ்சலி, இரண்டு புறா, ஒரு மெழுகுவத்தி, நடுவில் வட்டத்துக்குள் சிரிக்கிற முகம். குடத்தோடு நடந்து போகும் உன் படத்தை ஆசீர்வாதம் பின்னணியில் மேகத்துக்கு நடுவே போட்டிருந்தார், அவள் இந்த உலகத்தை விட்டுப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேனருக்குக் கீழே, சத்துணவுக் கூடத்தில் சமைத்து முடித்துவிட்டு வந்த உன் அக்கா கூடைப்பையோடு கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் தள்ளி, மாலைகளோடு வந்தவர்கள் யாருக்குப் போடுவதென்று தெரியாமல் நின்றார்கள்.

"இன்னாய்யா இது, நான் பூட்டேனா? ஒருத்தனும் சொல்லவே இல்லியே" என்றாள்.

நான் கிட்டப் போய் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்போது வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. "இன்னாத்துக்கு மொறைக்கிற, பேயா பிசாசா?" என்றாள். எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். மூஞ்சி, மாதிரிப் படம், ஆசீர்வாதம், எல்லாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்துப் பல காலம் ஆயிற்று. பேனரைப் பார்த்துச் சிரித்தாள், மாலைகளைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, மாடிப்படியில் குந்திக்கொண்டாள்.

"அட, நான்தான்யா சொன்னேன் அவன்கிட்ட" என்றாள். "அவன் சின்னப் பையனா இருக்கசொல்ல எர்ணாவூர்ல எவன் வூட்ல சாவு வுயுந்தாலும் இவனத்தான் வந்து இட்டுகினு போவாங்க. யாராண்ட போட்டோ இருந்துச்சு அப்போ? எங்கம்மா மூஞ்ச வரைஞ்சி குடு நைனாம்பாங்க, இவனும் ஞாபகத்துலயே வரைஞ்சி குடுப்பான், அத்தத்தான் செவுத்துல ஒட்டுவாங்க. ஒரு நாளு என்னக் குந்தவச்சி வரைய வந்தான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சி. என் மூஞ்ச மட்டும் வரையாத நைனா, நான் போய்ட்டா உன்ன யாரு பாத்துப்பான்னு தலையில அடிச்சி சத்தியம் வாங்கிகினேன். நான் மறந்துட்டேன். அவன் மறக்கல பாரு."

பீம்ராவ் கையில் இருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்தில் போட்டுவிட்டார். புத்தகத்தில் என் முகத்தை மட்டும் இத்தனை தாராளமாக வரைந்திருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பற்றி நீ நேரில் வரும்போது பேசிக்கொள்வோம். கல்லூரியிலிருந்து ஓடிவந்த செங்கொடி உனக்குப் போன் செய்தது இதற்குப் பிறகுதான்.

செங்கொடி கட்டுரையைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். வரையப்பட்ட முகம் நினைவாகிவிட்ட முகம், வரையாமல் விட்ட முகம் உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்பப்பட்ட முகம் என்று போகிறது. முதல் கட்டுரை அளவுக்கு அனல் இல்லை, கைதட்டவும் இடமில்லை, ஆனால் படித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்காரத் தோன்றுகிறது. ஞானபாக்கியம் அம்மையார் வாசித்துவிட்டு, "எல்லாம் சரி, ஆதாரம் எங்க?" என்று கேட்டிருக்கிறார். செத்துப்போனவர் முகத்தை ஒரு பையன் வரைந்து கொடுக்கும் பக்கம் உன் புத்தகத்திலேயே இருப்பதைச் செங்கொடி காட்டினாள். அவர் சொன்ன தடம் உள்ளேயே கிடந்திருக்கிறது. மீதிக்கு அம்மாவையே நேர்காணல் எடுத்து அடிக்குறிப்பாகப் போடு என்றாராம். ஆகவே உன் அக்கா இப்போது ஒரு அடிக்குறிப்பு: "சொக்கம்மாள், கட்டுரையாளரின் தாய், நேரில் கூறியது." செங்கொடி இத்தனை நாள் மறைத்தது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது. நேற்று வகுப்பில் வாசித்துக் காட்டியபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பாத்தாங்க நைனா. பாக்கட்டும்" என்றாள்.

ஆகவே விளக்கம் கோரும் கோரிக்கை திரும்பப் பெறப்படுகிறது. அடுத்த பதிப்பிலும் உன் அக்காவுக்கு முகம் வேண்டியதில்லை, இருந்தபடியே நெடுநாள் இருக்கட்டும். தம்பி சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான் என்று தெரிந்தபின் அவளுக்கும் உன்மேல் வருத்தம் இருக்க முடியாது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமையும் அவள் உன் போனை எடுக்கவில்லை என்பது உண்மைதான், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது என்று எடுத்துக்கொள். பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது.

நீ நோய் நொடியின்றி, கண் பார்வை மங்காமல், கை நடுங்காமல் இன்னும் பல புத்தகம் வரைய வேண்டும். காலாகாலத்தில் ஒரு கல்யாணமும் செய்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் இல்லாத வீட்டில் பெரியவனாக நின்று நானே வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமன்,
கு. பரசுராமன்

பி.கு.: தீர்மானத்தை வாசித்து ஒப்புதல் வாங்கிய பிறகே அனுப்புவது சங்க வழக்கம் என்பதால், கவரை ஒட்டுவதற்கு முன் கடிதம் முழுவதையும் உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், "நல்லாத்தான் எயுதிகீற. ஆனா நான் ஏன் போன எடுக்கலன்னு என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். கேட்கவில்லைதான். பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து, அவள் அடுப்பைப் பார்த்து நிற்கும் பக்கத்தைப் பிரித்து, "மூஞ்சி கெடக்கட்டும், இந்தத் தோளப் பாரு" என்றாள். பார்த்தேன். தோள் இரண்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது, கழுத்து உள்ளே போயிருந்தது. இதை நான் எத்தனை முறை தாண்டிப் போயிருக்கிறேன்.

"நான் அயுதுகினு கீறேன்" என்றாள். இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். "இதுலயும்." இன்னொன்று. "இதுலயும்."

"அம்மா போனப்பகூட அவன் எதுருல நான் அயுததில்ல. எப்ப அயுகை வந்தாலும் அடுப்பாண்ட திரும்பிப்பேன், சத்தம் வராம. சின்னப் பையன், தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன். பாரு, ஒவ்வொரு தபாவும் பாத்துகினு இருந்துகீறான். பாத்துட்டு, ஒண்ணும் தெரியாத மாரி நான் போட்ட சோத்தத் துன்னுட்டு, ஸ்கூலுக்குப் பூட்டுகீறான். இப்ப போன எடுத்து அவன் மூஞ்சப் பாத்து நான் இன்னா பேசறது?"

ஆகவே மேலே கண்ட விளக்கங்கள், வாபஸ், தீர்மானம் அனைத்தும் ரத்து. இதையும் கட்டுரையில் சேர்க்கட்டுமா என்று செங்கொடி கேட்டாள். "அத்த எயுதாத" என்றுவிட்டாள் உன் அக்கா, கட்டுரை பழைய முடிவோடே போகிறது. உனக்கு மட்டும் எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, எடுக்கிறேன் என்கிறாள். வீடியோ மட்டும் வேண்டாமாம், சாதாரணமாகப் போடச் சொன்னாள். நானும் செங்கொடியும் அந்த நேரத்தில் கடைக்குப் போய்விடுகிறோம்.